வீட்டுக் கூடத்தில் ஒரு நியோன்யா மாலை: புதியவர்களுக்கான செய்முறை

பழைய காலத்துக் கதை கொண்ட தொலைக்காட்சி நாடகம் ஒன்றை நண்பர்களோடு கூடிப் பார்க்க விரும்பும் சிங்கப்பூர்வாசிகளுக்கு, ‘தி லிட்டில் நியோன்யா’வைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை என்பது என் கருத்து. மீடியாகார்ப் ஒளிவழி 8இல் 2008 நவம்பரில் தொடங்கி 34 பாகங்களாக வந்த இந்த மாண்டரின் நாடகம், 1930களின் மலாக்காவில் தொடங்கும் பெரனாக்கான் (மலாய்ப் பண்பாட்டோடு கலந்த சீன வழிவந்தோர்) குடும்பக் கதை. அச்சமூகப் பெண்களை ‘நியோன்யா’ என்பார்கள். வாய்பேச இயலாத தாய், பின்னர் அவள் மகள் என இரு வேடங்களிலும் ஜெனட் ஆவ் நடித்திருக்கிறார்.

முதல் வேலை, பாகங்களைத் தேர்ந்தெடுப்பது. ஒரே மாலையில் இரண்டு போதும்: கதை தெரியாதவர்களுக்காக முதல் பாகம், உங்களுக்குப் பிடித்த இன்னொன்று. மூன்றாவதைச் சேர்த்தால் விருந்தினர் கடைசி எம்ஆர்டி ரயிலை நினைத்துக் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நாடகம் எந்தத் தளத்தில் கிடைக்கிறது, அதில் சப்டைட்டில் இருக்கிறதா என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சப்டைட்டிலைப் பொறுத்தே மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அமைய வேண்டும். நம்மில் பெரும்பாலோர் மாண்டரின் வசனத்தை வாசித்துத்தான் புரிந்துகொள்கிறோம். கண் திரையைவிட்டு இறங்கினால் கதை போய்விடும். முதல் முறை நான் இதை யோசிக்காமல், நாடகம் ஓடும்போதே ஆயாம் புவா கெலுவாக்கைப் பரிமாறிவிட்டேன். கோழிக் குழம்பில் கிடக்கும் அந்தக் கருநிறக் கொட்டையின் வாய்க்குள் சின்னக் கரண்டியை விட்டு, உள்ளிருக்கும் கரிய விழுதைத் தோண்டி எடுக்க வேண்டும். எல்லோரும் தட்டைக் குனிந்து தோண்டிக்கொண்டிருக்க, “இப்ப அவ என்ன சொன்னா?” என்ற கேள்விதான் மாலை முழுவதும் கேட்டது.

ஆகவே, பார்க்கும்போது ஒரே வாயில் போடக்கூடிய ஓண்டே ஓண்டே போன்ற பலகாரங்களை மட்டும் வையுங்கள். நம் பூரணக் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தங்கை போன்ற இதைக் கடித்துப் பாதியாக்கினால் உள்ளிருக்கும் குலா மலாக்கா எனும் வெல்லப் பாகு சட்டையில் தெறிக்கும் என்று முன்பே எச்சரித்துவிடுங்கள். சாப்பாடு இரு பாகங்களுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு உரியது. புவா கெலுவாக் கொட்டை சமைக்காதபோது நச்சுத்தன்மை கொண்டது, பல நாள் தண்ணீர் மாற்றி ஊறவைக்க வேண்டியது. எனவே புதியவர்கள் காத்தோங், ஜூ சியாட் பக்கத்துக் கடைகளில் சமைத்ததையே வாங்குவது நல்லது. பெரனாக்கான் சமையலில் பன்றி இறைச்சியும் காய்ந்த இறாலும் தாராளமாக இடம்பெறுவதால், யார் சைவம், யாருக்கு ஹலால் வேண்டும் என்பதை அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

உடைக்கு ஆண்களுக்கு பத்தேக் சட்டை, பெண்களுக்கு சாரோங் கெபாயா: இடுப்பில் சுற்றும் துணி சாரோங், மேல்சட்டை கெபாயா. சேலைக்கு முந்தானை போல சாரோங்குக்கு ‘கெப்பாலா’ என்ற மாறுபட்ட வண்ணப் பகுதி உண்டு. அது முன்பக்கம் வர வேண்டும். கெபாயாவுக்குப் பித்தான் கிடையாது, மூன்று குரோசாங் ஊசிகளால்தான் மூட வேண்டும். அவை இல்லையென்றால் மூன்று புரோச் போதும். தமிழருக்கு இது வேடம் போடுவதுபோல் இருக்குமோ என்ற தயக்கம் வேண்டாம். தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகள் சைவ வழிபாட்டைக் கைவிடாமலே மலாய் பேசி, கெபாயா உடுத்தி வாழ்ந்தவர்கள். மணி கோத்த காசுட் மானேக் செருப்புக்கு மட்டும் செலவு செய்யாதீர்கள். எப்படியும் அது வீவக அடுக்குமாடி வீட்டு வாசலிலேயே கிடக்கப்போகிறது.

விளக்கை முழுவதும் அணைக்காமல் பின்பக்கம் ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். தரையில் பாய் விரித்தால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கா. தேங்காய்ப்பூ சேர்த்த பலகாரம் மறுநாள் தாங்காது. மிச்சத்தை அன்றிரவே டப்பாக்களில் போட்டு விருந்தினரிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள்.