பால் பத்தவில்லை என்று பால்மா டின் வாங்கப் போகும் முன்

போன வாரம் பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தங்கச்சி, கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு, "அக்கா, எனக்குப் பால் வத்திப்போச்சு, சம்பளம் போட்டதும் டின் வாங்கணும்" என்றாள். பிள்ளைக்கு 11 வாரம். என் மூத்தவனுக்கு அதே வயதில் நானும் இதைத்தான் சொன்னேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் வேலை முடியும்வரை பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்தில், வேலை பார்க்கிற எனக்கு, வருஷத்துக்கு நாலைந்து பேர் வாயிலிருந்து இது திரும்பத் திரும்பக் கேட்கிறது.

கை கழுவுவது, தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது எல்லாம் மிட்வைஃப் சொல்லித் தந்திருப்பார். அதை விடுகிறேன். நாம் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பால் பத்தவில்லை என்று முடிவு கட்டுவது

முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிற பிள்ளை, போகப்போகக் கொஞ்சம் இடைவெளி விடும். சரி, பழகிவிட்டது என்று நினைக்கும்போது, ஆறாவது வாரத்திலோ மூன்றாவது மாதத்திலோ திடீரென்று மணிக்கொரு தடவை கேட்கும், குடித்து முடித்ததும் அழும். அது வளர்ச்சி வேகமெடுக்கும் நேரம். பிள்ளை அடிக்கடி உறிஞ்சினால்தான் தாயின் உடம்பு கூடுதலாகச் சுரக்கும்; சில நாளில் சரியாகிவிடும். அந்தச் சில நாளில் போத்தலை நுழைத்தால், மார்பில் உறிஞ்சுவது குறைந்து, சுரப்பதும் குறைந்து, டின் உண்மையிலேயே தேவைப்பட்டுவிடும்.

இதில் நம் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைக்கு இரண்டரை, மூன்று மாதம். பகலில் கிடைக்காததை இரவில் குடிக்கப் பார்க்கும், தாய்க்குத் தூக்கம் இல்லை, எல்லாரும் பாலைக் குறை சொல்வார்கள்.

என் மாமி சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார், நான் வாங்கினேன். டின் ஒரு வாரம்கூட வரவில்லை. மாதக் கடைசியில் மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். ஐந்தாம் மாதம் கிளினிக் கார்டில் எடைக் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது. ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் போதும். அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

24 மணித்தியாலத்தில் 6 துணியோ அதற்கு மேலோ நன்றாக நனைந்து, கார்டில் கோடும் ஏறினால் பால் போதும். கோடு படுத்தால் கடைக்குப் போகாமல் மிட்வைஃபிடம் போங்கள். அந்தத் தங்கச்சியை எண்ணச் சொன்னேன், மறுநாள் 8 என்றாள்.

பால் இடைவேளையை விட்டுக்கொடுப்பது

பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை, 9 மணித்தியால வேலைக்குள் பால் கொடுக்க இரண்டு இடைவேளை இலங்கைச் சட்டத்தில் இருக்கிறது. பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். பறிக்கிற கொழுந்தில் கிலோ குறையும் என்று பயந்து இரண்டாவதுக்கு வராமலே இருக்கிறார்கள். வர முடியாத நாளில் கறந்து கொடுத்துவிட்டுப் போங்கள், ஃப்ரிஜ்ஜில் வைக்காவிட்டாலும் 4 மணித்தியாலம் கெடாமல் இருக்கும், கப்பில் புகட்டலாம். கிளினிக்கில் உங்களுக்குத் தருகிற திரிபோஷ சத்துமாவை, மூத்த பிள்ளைகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்துவிடாமல் நீங்களே சாப்பிடுங்கள்.

வெந்நீர், கொத்தமல்லித் தண்ணி

எவ்வளவு குளிராக இருந்தாலும் 6 மாதம் முடியும்வரை வேண்டாம்.

தேன்

ஒரு வயதுக்கு முன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள்.

தண்ணிக் கஞ்சியிலேயே நிற்பது

6 மாதம் முடிந்ததும் சோறு, பருப்பு, பூசணி என்று மசித்துத் தொடங்குங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும், தண்ணியாக இருந்தால் வயிறு மட்டும்தான் நிறையும். முட்டை, நெத்தலிக்கு ஒரு வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலில் நாளைக்கு 2, 3 வேளை. 9 மாதத்தில் 3, 4 வேளை, அதற்குள் கட்டிகட்டியாக இருப்பதையும் மென்று தின்னப் பழகியிருக்கவேண்டும். தாய்ப்பால் கூடவே போகட்டும், 2 வயதும் அதற்கு மேலும்.

பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பது

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் இது நடக்கிறது, புரிகிறது. ஆனால் பிறக்கும்போது பிள்ளை கொண்டுவந்த இரும்புச்சத்து 6 மாதத்தில் தீர்ந்துகொண்டிருக்கும், சாப்பாட்டிலிருந்து கிடைக்கிற கொஞ்சத்தையும் தேயிலைச் சாயம் உடம்பில் சேரவிடாது. முதல் நாள் ராத்திரிச் சோறு வேண்டாம், காலையில் வடித்ததில் இரண்டு கரண்டியும் பருப்பும் ஒரு டப்பாவில் போட்டுத் தாருங்கள், நாங்கள் சூடாக்கி மசித்து ஊட்டுகிறோம்.