ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) இல்லாத பழைய கார் வாங்கும் முன்

"ஆர்.சி. தொலைஞ்சு போச்சு, அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று விற்பவர் சொன்னால் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். நகல் ஆர்.சி.க்குப் படிவம் 26 கொடுக்க வேண்டியவர் பதிவில் பெயர் உள்ள உரிமையாளர்தான், நீங்கள் இல்லை. காவல்துறையில் தொலைந்ததற்கான புகார் கொடுப்பதும் அவர் வேலைதான். பணம் கைக்குப் போன பிறகு அவரைப் பிடிப்பது பெரும்பாடு.

முதலில் அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும், ஆனாலும் விற்பவரின் ஆதார் அட்டையோடு ஒப்பிட அது போதும். பெயர் ஒத்துவரவில்லையா, நடுவில் யாரோ பெயர் மாற்றாமலே வண்டியைக் கைமாற்றியிருக்கலாம். அப்படியானால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அந்தப் பழைய உரிமையாளர் கையெழுத்துதான் வேண்டும், புரோக்கர் கையெழுத்து செல்லாது. அவர் இறந்திருந்தால் வாரிசுகள் படிவம் 31 மூலம் வர வேண்டும். கடன் அடைத்தும் பதிவில் வங்கிப் பெயர் நிற்கிறதென்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கேளுங்கள்.

அப்புறம், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணை நீங்களே குனிந்து பாருங்கள். ராவிய தடம் தெரிந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் அந்த வண்டி வேண்டாம்.

வாங்கியதும் பெயர் மாற்றத்துக்கு 30 நாள், இன்ஷூரன்ஸை மாற்ற 14 நாள்தான் கெடு.