மூன்று முறை எடுக்காமல் விட்டுப்போன மிக்ஸி ஜார்

இணையச் சந்தை ஒன்றில் வாங்கிய ஜார் எங்கள் மிக்ஸியில் உட்காரவில்லை. ஜாரை மோட்டாரோடு இணைக்கும், அடியிலிருந்த கப்ளரின் அளவே வேறு. 'பொருந்தவில்லை' என்று காரணம் குறித்துத் திருப்பியனுப்பப் பதிவு செய்தேன். எடுக்க வந்தவர்கள் மூன்று முறையும் கைப்பேசியைப் பார்த்துவிட்டு, பொருள் ஒத்துவரவில்லை என்று கூறி வெறுங்கையோடு திரும்பினார்கள். விற்பனையாளரிடமிருந்து பதிலில்லை, வாடிக்கையாளர் சேவையோ மறுபடி பதிவு செய்யுங்கள் என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இப்படியே ஆறு நாள்கள் வீணாயின.

நான்காம் முறை வந்தவரிடம் அவருடைய திரையைக் காட்டும்படி கேட்டேன். விற்பனைப் பக்கத்துப் படத்தில் மூடி கறுப்பு. எனக்கு வந்ததோ சாம்பல் நிறம். அதாவது, விற்பனையாளர் வேறு மாடலை அனுப்பியிருக்க, படத்தோடு ஒப்பிடுபவருக்கு நானே பொருளை மாற்றிவிட்டதாகத் தோன்றியிருக்கிறது.

பழைய கோரிக்கையை ரத்து செய்து, காரணத்தைத் 'தவறான பொருள் வந்தது' என்று மாற்றி, பெட்டியிலிருந்த மாடல் எண்ணையும் மூடியையும் படமெடுத்து இணைத்ததோடு, அந்த இணையச் சந்தையின் குறைதீர் அலுவலருக்கும் எழுதினேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்ய வேண்டும். இரண்டாம் நாள் ஜாரை எடுத்துச் சென்றார்கள். அடுத்த நான்கு நாளில் பணம் கணக்குக்கு வந்தது.