புண்ணுக்குப் போட்ட களிம்பே வினையானது

கணுக்காலில் சின்னச் சிராய்ப்பு, சொந்தக்காரர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த களிம்பைப் போட்டேன், மூன்றாம் நாள் சுற்றிலும் சிவந்து பொரிப்பொரியாகி அரிக்க ஆரம்பித்தது. சீழ் பிடிக்கிறதோ என்று பயந்து அதையே இன்னும் தாராளமாக அப்பினேன்! அப்புறம் துணி சோப்பை மாற்றினேன், செருப்பை மாற்றினேன். ஸ்டீராய்டு க்ரீம் போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும்.

கடைசியில் தோல் மருத்துவர் முதுகில் பேட்ச் டெஸ்ட் ஒட்டினார், அதாவது ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைக் கட்டம் கட்டமாக ஒட்டிப் பார்க்கும் சோதனை. 48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது. பிரித்தபோது பெரிதாக ஒன்றுமில்லை. 96 மணி நேரத்தில் மறுபடி பார்த்தால் ஒரே ஒரு கட்டம் மட்டும் தடித்திருந்தது: பெரு பால்சம். அந்த இரண்டாவது பார்வைக்குப் போகாமல் விட்டிருந்தால் இன்னும் சோப்பைத்தான் மாற்றிக்கொண்டிருப்பேன்.

பெயரில்தான் பெரு, எடுப்பது எல் சால்வடாரில். மரப்பட்டையைச் சுட்டுக் காயப்படுத்தி, கசிவதைத் துணியில் ஊறவைத்து எடுக்கும் கரும்பழுப்புப் பிசின், வெனிலாவும் லவங்கப்பட்டையும் கலந்த மணம். கிருமியை அடக்கும் என்று புண்ணுக்குப் போட்டுவந்தார்கள், ஆனால் ஒவ்வாமை தருவதிலும் பேர்போனது.

களிம்பை நிறுத்தியதும் கால் ஆறியது, கூடவே இருந்த உதட்டோர அரிப்பு மட்டும் போகவில்லை. காரணம் கிராம்பு பற்பசை. கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றிலும் பெரு பால்சத்துக்கு உறவான பொருட்கள் உண்டாம். சாதா பற்பசைக்கு மாறினேன், இரண்டு வாரத்தில் சரி. லேபிளில் பெரு பால்சம் 'மைராக்சிலான் பெரெய்ரே' என்றும் இருக்கும், களிம்பில் அப்படித்தான் போட்டிருந்தது.