பழைய மர்மப்படத்தையும் அதன் மறுஆக்கத்தையும் எடைபோட்டுப் பார்ப்பது எப்படி?

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ நாலு பேர் கூடிய இடத்தில் படப்பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் "என்ன இருந்தாலும் பழசு மாதிரி வருமா?" என்ற கேள்வியில்தான் போய் நிற்கிறது. குற்றக்கதைகளைப் பொறுத்தவரை இதற்கு ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறுவது நியாயமாகாது. இரண்டு படங்களையும் முறையாகப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கதையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மலையகத்தவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது "த்ரிஷ்யம்" கதையைத்தான். ஜீத்து ஜோசப் 2013இல் மலையாளத்தில் மோகன்லாலை வைத்து எடுத்ததை, 2015இல் அவரே கமல்ஹாசனை வைத்துத் தமிழில் "பாபநாசம்" என்று எடுத்தார். 2017இல் செய்யாறு ரவியின் இயக்கத்தில், ஜாக்சன் அந்தனியின் நடிப்பில், அதே கதை "தர்மயுத்தய" என்று சிங்களத்துக்கும் வந்தது. தமிழும் சிங்களமும் புழங்கும் நம்மில் பலருக்கு இவற்றில் மலையாளப் படத்துக்கு மட்டுமே சப்டைட்டில் தேவைப்படும். ஒரே கதையை மூன்று மொழிகளில் நேராகப் பார்த்து ஒப்பிடும் இந்த வாய்ப்பு எல்லா ஊர்க்காரர்களுக்கும் கிடைப்பதில்லை.

அடுத்து, மூலப்படத்தைப் பார்த்த கையோடு, அந்தக் கதையின் அச்சாணி எது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். குற்றக்கதை எதுவாயினும் ஏதோ ஒரு பொய்யின் மேலோ, ஒரு மறைப்பின் மேலோதான் நிற்கிறது. அது எது என்று தெரியாமல் நடிப்பையும் பாட்டையும் ஒளிப்பதிவையும் தனித்தனியாக ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. (பாபநாசம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.)

இதை எனக்குப் புரியவைத்தவர் என் அம்மா. நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பொலிஸார் பஸ் கண்டக்டரை விசாரிக்கும் இடத்தில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் கண்டக்டர் பொய்யே சொல்லலப்பா, அவருக்கு நெசமாவே அப்பிடித்தான் ஞாபகம் இருக்கு" என்றார். கதை முழுவதும் அந்த ஒரு வரியில் அடங்கியிருந்தது. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய, கேபிள் டிவி நடத்துகிற, இரவு பகலாகப் படம் பார்க்கிற ஒருவர், சாட்சிகளைப் பொய் சொல்ல வைக்கவில்லை. அவர்களுடைய ஞாபகத்தில் தேதியை மட்டும் மெல்ல நகர்த்தி வைக்கிறார். கண்டக்டரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் தியேட்டர் ஆபரேட்டரும் நம்மை முகம் தெரிந்து விசாரிக்கும் சிறிய ஊரில்தான் அந்தத் தந்திரம் பலிக்கும். எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் ஏறினால் எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை என்பது வரைக்கும் கண்டக்டருக்குத் தெரியும். ஆகவே இக்கதை இங்கே அந்நியமாகத் தோன்றவில்லை. மறுஆக்கத்தைப் பார்க்கும்போது, அது அந்தச் சிற்றூர் நெருக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறதா என்பதையே முதலில் கவனியுங்கள்.

அச்சாணியைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012இல் வந்த "கஹானி"யையும், 2014இல் நயன்தாரா நடித்த அதன் மறுஆக்கமான "நீ எங்கே என் அன்பே"யையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இந்திப் படத்தில் காணாமற்போன கணவனைத் தேடிக் கல்கத்தாவுக்கு வருபவள் நிறைமாதக் கர்ப்பிணி. அந்த வயிற்றைப் பார்த்துத்தான் கதைமாந்தர்கள் அவளிடம் இரங்குகிறார்கள், நாமும் இரங்குகிறோம். கதை கடைசியில் கணக்குத் தீர்ப்பது அந்த இரக்கத்தோடுதான். ஹைதராபாத்துக்குப் பெயர்ந்த மறுஆக்கத்தில் அவள் கர்ப்பிணி அல்ல. நயன்தாரா உழைத்து நடித்திருந்தாலும், முடிவு அதே வேகத்தில் வந்து தைக்காததற்கு இந்த ஒரு நீக்கமே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்காக, எதையும் மாற்றாமல் இருப்பதுதான் விசுவாசம் என்று எண்ணிவிட வேண்டாம். ஹிட்ச்காக்கின் "சைக்கோ" 1960இல் கறுப்பு வெள்ளையில் வந்தது. 1998இல் கஸ் வான் சான்ட் அதனை ஏறக்குறைய ஷொட்டுக்கு ஷொட் அப்படியே வண்ணத்தில் எடுத்தார். கதாநாயகி திருடும் பணம் நாற்பதாயிரம் டொலரிலிருந்து நான்கு இலட்சமாக உயர்ந்தது; பெர்னார்ட் ஹெர்மனின் இசைகூட அப்படியே இருந்தது. ஆனால் பயம் வரவில்லை. மூலம் வெளியானபோது படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் விதித்திருந்தார். கதாநாயகி என்று நாம் நம்பியவள் பாதிப் படத்துக்கு முன்பே கொல்லப்படுவாள் என்பது அன்று எவருக்கும் தெரியாது. 1998இல் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காட்சியை நகலெடுக்கலாம், பார்ப்பவரின் அறியாமையை நகலெடுக்க முடியாது.

துணிந்து மாற்றி வென்றதற்கு "கேப் ஃபியர்" நல்ல எடுத்துக்காட்டு. 1962ஆம் ஆண்டுப் படத்தில், சிறையிலிருந்து வந்தவன் பழிவாங்கத் தேடிவரும் வக்கீல் ஒரு குற்றமும் செய்யாதவர். கண்டதைச் சாட்சி சொன்னவர், அவ்வளவே. மார்ட்டின் ஸ்கோர்செஸி 1991இல் எடுத்தபோது, அதே வக்கீலை அந்தக் குற்றவாளிக்காகவே வாதாடியவராகவும், அவனுக்குச் சாதகமான ஓர் அறிக்கையை மறைத்தவராகவும் ஆக்கினார். இப்போது கொடியவனின் கோபத்துக்குள்ளும் ஒரு நியாயம் கிடக்கிறது. நாம் யார் பக்கம் நிற்பது என்று தடுமாறுகிறோம். பழைய படத்தில் நேர்மையான வக்கீலாக நடித்த கிரெகரி பெக்கே புதிய படத்தில் அந்தக் கொடியவனுக்காக நீதிமன்றத்தில் பேசுகிறார் என்பதைத் தவறவிடாமல் பாருங்கள். மறுஆக்கம் மூலத்தோடு வழக்காடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

அதன் பிறகு, ஒரே ஒரு சிறிய செயலைப் பிடித்துக்கொண்டு இரண்டு படத்திலும் அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 1997இல் வந்த நோர்வே நாட்டுப் படமான "இன்சோம்னியா"விலும், 2002இல் கிறிஸ்டோபர் நோலன் அலாஸ்காவுக்குப் பெயர்த்து அல் பசினோவை வைத்து எடுத்த மறுஆக்கத்திலும், துப்பறிய வந்த அதிகாரி மூடுபனிக்குள் தவறுதலாகத் தன் சகாவையே சுட்டுவிடுகிறார். பிற்பகலில் பனி இறங்கினால் பத்தடி தள்ளி நிற்பவர் யார் என்று தெரியாத தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பின்னால் வருகிறது. தடயத்தை மாற்றுவதற்கு அவருக்கு வேறொரு தோட்டா தேவைப்படுகிறது. நோர்வேப் படத்தில் அதற்காக உயிருள்ள நாயைச் சுடுகிறார். நோலனின் படத்தில் ஏற்கெனவே செத்துக் கிடக்கும் நாயின் உடலில் சுடுகிறார். சில விநாடிகளே வரும் இந்த வேறுபாடு, மூலம் தன் நாயகனை எவ்வளவு தூரம் கைவிடத் துணிந்தது, மறுஆக்கம் எங்கே அவனைக் காப்பாற்ற முனைந்தது என்பதைக் காட்டிவிடுகிறது. நோலனின் படம் எனக்குப் பிடித்தமானதுதான். இருந்தாலும் இந்த இடத்தில் மூலத்தின் பக்கமே நிற்பேன்.

மூலத்தில் இல்லாத கருவி ஏதாவது மறுஆக்கத்தின் கைக்குக் கிடைத்திருக்கிறதா என்றும் தேடுங்கள். சிவாஜி கணேசன் நடித்த "புதிய பறவை" (1964), முந்தைய ஆண்டு வந்த "சேஷ் அங்க" என்ற வங்காளப் படத்தின் மறுஆக்கம் என்பது இன்றும் பலருக்குத் தெரியாது. "பார்த்த ஞாபகம் இல்லையோ" என்ற பாட்டு ஒருமுறை மயக்கமாகவும், பிறகு ஆவி அழைப்பதுபோலவும் திரும்பி வந்து, குற்றமுள்ள மனத்தைத் துரத்துகிறது. தமிழ்ப்படம் தனக்கே உரிய பாட்டைத் துப்பறியும் கருவியாக ஆக்கிய அழகு அது.

செய்முறையில் சில எச்சரிக்கைகள் உண்டு. ஒரே இரவில் இரண்டையும் பார்க்காதீர்கள். நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள். ஜூன், ஜூலை மழையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்து பார்த்தால் மர்மப்படத்தின் மௌனம் எதுவும் காதில் விழாது; லயத்துச் சுவருக்கு அப்பால் உறங்குபவர்களுக்காகச் சத்தத்தைக் குறைத்தாலும் பின்னணி இசை போய்விடும். ஆகவே ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். பாதியில் கரண்ட் போனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் கால் மணி நேரம் பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள். மர்மம் படிப்படியாக ஏறுவது, ஏறிய படிகளை மறந்தால் திருப்பம் வெறும் செய்தியாகிவிடும்.

இன்னொன்று. முடிவு தெரிந்த நமக்கு மறுஆக்கத்தின் விறுவிறுப்பை அளக்கும் தகுதி பாதிதான் இருக்கிறது. ஆகவே மூலத்தைப் பார்க்காத ஒருவரை, தங்கையையோ பக்கத்து வீட்டு மாமாவையோ, கூட உட்கார வையுங்கள். முடிவைப் பற்றி வாய் திறக்காதீர்கள். நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த அச்சாணிக் காட்சி வரும்போது, திரையை விட்டுவிட்டு அவர்களுடைய முகத்தைப் பாருங்கள்.