மாடி அறைக்கு லேன் கேபிள் இழுப்பது எப்படி?

கீழே கூடத்தில் ரூட்டர், மாடியில் கணினி, நடுவில் கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் தளத்தையும் சுவரையும் கடப்பதற்குள் அடங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்றுத் தொலைவு போகும். அங்கேயோ பக்கத்து வீட்டு ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என ஒரே நெரிசல். கையோடு அலையும் கைபேசிக்கு வைஃபை போதும். இடத்தை விட்டு நகராத கணினிக்குக் கம்பிதான் என் கட்சி.

படி 1: கேபிள் வாங்குங்கள்

லேன் கேபிளின் தர வகைகளில் கேட்6 நல்லது. கேட்5இ கூட 100 மீட்டர் வரை நொடிக்கு 1 கிகாபிட் தரும், வீட்டுக்கு அது தாராளம். கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உலோகத்தை. உறையில் ‘சிசிஏ’ என்றிருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். கம்பி நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். மலிவுக்கு ஆசைப்படாதீர்கள், வளைத்தால் ஒடிகிற சரக்கு அது.

படி 2: வழி பாருங்கள்

மின்கம்பி போகும் குழாய்க்குள் இதைத் திணிக்க வேண்டாம். குறுக்கே கடந்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். இரு முனையிலும் அரை மீட்டர் மிச்சம் விடுங்கள்.

படி 3: உறையை உரியுங்கள்

நுனியில் 3 சென்டிமீட்டர் உறையை நீக்கினால் நான்கு ஜோடிக் கம்பிகள், ஒவ்வொரு ஜோடியும் பின்னலாக. இப்படி முறுக்கும் யோசனைக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல், முறுக்கிய இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குகிறது. மறுமுனையில் உள்ள கருவி இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் படிப்பதால், பொதுவாக வந்த இரைச்சல் கழிந்துபோகிறது.

படி 4: வரிசைப்படுத்துங்கள்

கேபிள் நுனியில் மாட்டும் எட்டு ஊசி பிளக்குக்கு ஆர்ஜே45 என்று பெயர். அதன் கொக்கி கீழே, கம்பி நுழையும் வாய் உங்கள் பக்கம். இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதற்கு டி568பி என்று பெயர்.

பச்சை ஜோடியைப் பிரித்து நடுவில் நீலத்தை ஏன் நுழைக்க வேண்டும்? முதன்முறை செய்தபோது எனக்கும் இது வீண் வேலையாகத்தான் பட்டது. இரு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதாதா என்று ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிட்டேன். கேபிளைச் சோதிக்கும் டெஸ்டர் கருவியில் எட்டு விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன. கணினியில் இணைப்போ வருவதும் அறுவதுமாக இருந்தது. காரணம் இதுதான்: பிளக்கில் இடமிருந்து எண்ணினால் 3-ஆம், 6-ஆம் ஊசிகள் சேர்ந்தே ஒரு சமிக்ஞையைச் சுமக்கின்றன. என் அடுக்கில் அவை வெவ்வேறு பின்னல்களில் போய்விட்டன. முறுக்கினால் கிடைத்த பலன் அத்தனையும் போயிற்று. கம்பி தொட்டிருக்கிறதா என்பதைத்தான் மலிவான டெஸ்டர் சொல்லும். எது எதோடு முறுக்கியது என்று அதற்குத் தெரியாது.

படி 5: அழுத்துங்கள்

கம்பிகளை நேராக்கி, 12 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். பின்னலை அதற்கு மேல் பிரிக்காதீர்கள். எட்டு நுனிகளும் பிளக்கின் முன்சுவரை முட்டும்வரை தள்ளி, உறையும் கொஞ்சம் உள்ளே போனதா என்று பார்த்து, கிரிம்பிங் கருவியால் அழுத்துங்கள்.

படி 6: சோதியுங்கள்

டெஸ்டரோடு நிற்காமல், கணினியின் நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தையும் பாருங்கள். 1000 மெகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 காட்டினால், பெரும்பாலும் நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஏதோ ஒரு கம்பி சரியாகத் தொடவில்லை. 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். மிச்சம் விட்ட அரை மீட்டர் இதற்குத்தான்.

இரண்டு தனிக் கட்டடங்களை இணைப்பதென்றால் செம்பை விடுத்து, ஒளியால் தகவல் கடத்தும் கண்ணாடி இழைக்குப் போங்கள். அது 100 மீட்டரோடு நிற்காது, உலோகம் கலக்காத வகையாக வாங்கினால் மின்னலின் பாய்ச்சலையும் கடத்தாது. இரு முனையிலும் இணைப்பான் பொருத்தியதாகவே வாங்குங்கள். அதன் நுனியைக் கண்ணருகே வைத்து மட்டும் பார்க்காதீர்கள்: உள்ளே ஓடும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது.