ஸ்பிளெண்டரில் ஹெட் பேக்கிங் மாற்றுவது: முதன்முறை கை வைப்பவர்களுக்கு

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. இரண்டு ஆளும் ஓர் உர மூட்டையுமாக எஸ்டேட்டுக்கு ஏறும் பழைய ஸ்பிளெண்டர்கள் பாதி வழியை முதல் கியரிலேயே முக்கிக்கொண்டு போகும். எஞ்சினுக்கு வேலை அதிகம், வண்டி நகர்வது மெதுவாக. அதனால் காற்று படாது. போதாததற்கு முன்சக்கரம் வாரி அடிக்கும் செம்மண், படுத்தவாக்கில் இருக்கும் பிளாக்கின் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின்) சூடாற்றும் துடுப்பு இடுக்குகளை அடைத்துவிடும். சூடு போக வழியில்லாமல் ஹெட் (பிளாக்கின் முன்முனையை மூடும் பாகம்) லேசாக வளையும், இரண்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் அந்த இடத்தில் எரியும். காரணத்தை விட்டுவிட்டுப் பேக்கிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.

இங்கே சொல்வது 1994-இல் வந்த ஸ்பிளெண்டர், அதற்கு முந்தைய சி.டி.100 போன்ற 97.2 சி.சி. எஞ்சின்களுக்கு.

முதலில் பேக்கிங்தானா என்று பாருங்கள். மேடேறும்போது "சிக் சிக்" என்று காற்று கசியும் சத்தம், கிக்கர் முன்பைவிட லேசாக இறங்குவது, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில் கரி அல்லது எண்ணெய்க் கசிவு: இவை அடையாளம். சந்தேகமிருந்தால், ஆறின எஞ்சினில் அந்தக் கோட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிக் கிக்கரை அடியுங்கள். நுரை கிளம்பினால் பேக்கிங்தான். டேப்பட் (வால்வு இடைவெளியை வைக்கும் திருகு) மூடியின் ஓ-ரிங் கசிந்தாலும் எண்ணெய் வழிந்து இதே இடத்தில் வந்து நிற்கும், ஏமாற வேண்டாம். சைலன்சரில் வெறும் நீலப் புகை என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ பாருங்கள்.

வாங்க வேண்டியவை: ஹெட் பேக்கிங், ஹெட் கவர் பேக்கிங், இடப்பக்க வட்ட மூடியின் பேக்கிங், டேப்பட் மூடி ஓ-ரிங் இரண்டு, சைலன்சர் பேக்கிங், 10டபிள்யூ-30 எண்ணெய் ஒரு டின். பிளாக்கும் கிராங்க் கேஸும் சேரும் இடத்துக்கான பிளாக் பேக்கிங்கும் ஒன்று கையில் இருக்கட்டும். டார்க் ரெஞ்சையும் (நட்டின் இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பானர்) ஃபீலர் கேஜையும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இரவல் வாங்கியாவது வையுங்கள்.

கழற்றுவது

எஞ்சின் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். சூட்டில் நட்டைத் தளர்த்தினால் ஹெட் கோணும். துடுப்புகளில் உள்ள மண்ணை முதலில் கழுவிக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள்தான் விழும். எண்ணெயை வடித்துவிட்டு, சைலன்சர், கார்புரேட்டர், பிளக் மூன்றையும் கழற்றுங்கள். ஹெட்டை முன்னால் இழுக்க இடம் போதாவிட்டால் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்பக்கத்தைச் சற்று இறக்க வேண்டியிருக்கும்.

இடப்பக்க மேக்னெட் கவரில் உள்ள இரண்டு மூடிகளையும் திறந்து, கிராங்க் நட்டைப் பிடித்துக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். ரோட்டரில் (கவருக்குள் சுழலும் மேக்னெட் சக்கரத்தில்) 'டி' என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்துக் கோடு, கவரின் கோட்டுக்கு நேராக வர வேண்டும். அப்போது டேப்பட் மூடிகளைத் திறந்தால் தெரியும் இரண்டு ராக்கரும் (வால்வை அழுத்தும் கைகள்) கையால் ஆட்டினால் ஆட வேண்டும். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. ஹெட்டின் இடப்பக்க வட்ட மூடியைக் கழற்றினால் கேம் ஸ்ப்ராக்கெட்டில் (டைமிங் செயின் ஓடும் பல்சக்கரத்தில்) 'ஓ' குறி, ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்கும். இதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினுக்கு அடியில் உள்ள டென்ஷனர் போல்ட்டைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்தால் டைமிங் செயின் தளரும். ஸ்ப்ராக்கெட்டை எடுத்தவுடன் செயினைக் கம்பியால் கட்டிவிடுங்கள். இதற்கு மேல் கிராங்கைச் சுற்றக் கூடாது.

முன்சக்கரத்தைப் பார்த்தபடி இருக்கும் நான்கு நட்டுகளை, எதிரெதிர் மூலையாகக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் 6 மி.மீ. போல்ட்டை மறந்துவிட்டு ஹெட்டை அடித்தே உடைப்பவர்கள் உண்டு. வாஷர்களும் எல்லாம் ஒன்றல்ல. எண்ணெய் ஏறும் ஸ்டட்டுக்கு (நட்டு ஏறும் நீளக் கம்பி) மட்டும் செம்பு வாஷர். எது எங்கே இருந்தது என்று குறித்து வையுங்கள். ஹெட் ஒட்டிக்கொண்டால் மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டுங்கள். இடுக்கில் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பினால் அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலில் எந்தப் பேக்கிங்கும் நிற்காது. தட்டும்போது பிளாக்கை ஒரு கையால் பிடித்திருங்கள். அது நகர்ந்தால் பிளாக் பேக்கிங்கும் மாற்ற வேண்டும்.

பழைய பேக்கிங்கைப் படியுங்கள்

வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலிண்டர் ஓட்டையைச் சுற்றிய உலோக வளையம் ஓர் இடத்தில் மட்டும் கறுத்துத் தேய்ந்திருக்கும், அங்கிருந்து வெளி விளிம்பு வரை கரிக்கோடு ஓடும். அந்தக் கோடு ஒரு ஸ்டட்டை ஒட்டியிருந்தால் அந்த நட்டின் இறுக்கம் சரியில்லை. செயின் போகும் குழியை நோக்கிப் போனால், எரிந்த வாயு கிராங்க் கேஸுக்குள் இறங்கி, பிரீதர் (எஞ்சின் காற்று வெளியேறும் குழாய்) வழியாக எண்ணெயைத் துப்பியிருக்கும். சுற்றிலும் ஒரே மாதிரி வெந்திருந்தால் சூடுதான் காரணம்: துடுப்பில் மண், குறைந்த எண்ணெய், பெட்ரோல் பற்றாத கார்புரேட்டர் இவற்றைச் சரி பாருங்கள்.

செயின் குழியில் துணியை அடைத்து, ஒட்டியிருப்பதைத் தின்னரில் ஊறவைத்துப் பிளாஸ்டிக் ஸ்கேலால் சுரண்டுங்கள். பிறகு ஹெட்டின் முகத்தில் நேரான ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் பிளேடை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து முகம் எடுக்க வேண்டும். பிளாக்கின் முகத்துக்கும் இதே சோதனை. "பேஸ்ட் தடவினால் அடங்கிடும்" என்பதை நம்பாதீர்கள். அந்தச் சூட்டில் பேஸ்ட் தாங்காது, பிதுங்கி எண்ணெய் வழியையும் அடைக்கும்.

பூட்டுவது

துணியை எடுத்தாயிற்றா? ஹெட்டை நேராக உட்கார வைக்கும் டவல் பின் இரண்டும் அதனதன் இடத்தில், எண்ணெய் வழி ரப்பர் சீல் புதிதாக. பேக்கிங்கை உலர்வாகவே வையுங்கள். எல்லா ஓட்டையும் பொருந்தும் பக்கம்தான் சரியான பக்கம். ஹெட்டையும் கவரையும் ஏற்றி, நான்கு நட்டுகளையும் மூலைக்கு மூலை மூன்று தடவையாக இறுக்குங்கள்: முதலில் 10, பிறகு 15, கடைசியில் 20 நியூட்டன் மீட்டர். 6 மி.மீ. பக்க போல்ட் கடைசியில், 10-க்கு மேல் போகாமல்.

ரோட்டரில் 'டி', ஸ்ப்ராக்கெட்டில் 'ஓ' இரண்டையும் நேராக்கிச் செயினை மாட்டி, டென்ஷனரைப் பூட்டுங்கள். கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகின்றனவா என்று பாருங்கள். நடுவில் கெட்டியாக முட்டினால் பலம் கொடுக்காதீர்கள். வால்வு பிஸ்டனில் இடிக்கிறது, செயின் ஒரு பல் தள்ளியிருக்கிறது. சரியாக இருந்தால், ஆறின எஞ்சினிலேயே மேனுவலில் உள்ள அளவுக்கு டேப்பட் இடைவெளி வையுங்கள். மேல் மூடி இன்டேக், கீழ் மூடி எக்ஸாஸ்ட்.

எண்ணெய் ஊற்றி, பிளக் இல்லாமல் இருபது கிக். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்துக் கசிவைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நெடுநேரம் உறும விடாதீர்கள், இது காற்றில் ஆறும் எஞ்சின். முதல் ஓட்டம் சமதளத்தில், மலையடிவாரத்து முந்தல் வரை போய்த் திரும்பினால் போதும். ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் நான்கு நட்டுகளின் இறுக்கத்தையும் டேப்பட்டையும் இன்னொரு முறை சரிபார்த்த பிறகு மூட்டையை ஏற்றுங்கள்.